ஒரு பலகைகூட மிஞ்சக்கூடாது

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சிறு நகரத்தின் மில் ஹில் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. பஞ்சாலைத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் செங்கல் கால்களின் மேல் நிறுத்திய சின்ன மரவீடுகள். ஆலை மூடி வெகுநாள் ஆகிறது. பழம்பெருமை வாய்ந்த இடம், எதையும் இடிக்கக்கூடாது என்று நகராட்சி சட்டம் போட்டிருந்தது.

மூன்றாம் தெரு மூலை வீட்டை வாங்கிய ஹெய்க்லருக்கு அதுதான் தொண்டையில் முள். அங்கே மாடிக் கட்டடம் எழுப்பி விற்க நினைத்தார். வாடகைக்கு இருந்த வெர்லீனை வெளியேற்றியாயிற்று. வீடுதான் அசையாமல் நின்றது.

டெல்மரைப் பிடித்தார். மில் ஹில்காரன். சொந்தமாக லாரி வைத்துக்கொண்டு கிடைத்த வேலையைச் செய்பவன். அதிகம் பேசமாட்டான்.

"காஞ்சுபோன பைன் மரம். ஒரு பொறி பட்டாப் போதும், இல்ல?"

"போதும் சார்."

"நான் கடற்கரைக்குப் போறேன். திரும்பி வரும்போது ஒரு பலகைகூட மிஞ்சக்கூடாது. எப்படிச் செஞ்சேன்னு எங்கிட்ட சொல்லவும் கூடாது."

"அங்க இருக்கறத நான் எடுத்துக்கலாமா சார்?"

"எல்லாம் நீயே எடுத்துக்கோ. எனக்கு மண்ணு போதும்."

டெல்மர் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "பக்கத்து வீடுகளுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கறேன்."

ஹெய்க்லர் வாரம் முழுக்க இறால் தின்றார். திரும்பும் வழியில் காரின் கண்ணாடியைப் பார்த்துச் சோகமான முகம் பழகினார்.

மூலை மனை வெறிச்சென்று கிடந்தது. கரி இல்லை, சாம்பல் இல்லை. பயல் கூட்டிப் பெருக்கியே வைத்துவிட்டானே என்று மெச்சிக்கொண்டவர், காப்பீட்டுக்குச் சான்று வாங்க நேரே தீயணைப்பு நிலையம் போனார்.

அதிகாரி ஓடெல் அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"என் வீடு எரிஞ்சுபோச்சு ஓடெல். ஊர்ல இல்லாத நேரம் பாத்து இப்படி ஆயிடுச்சே. மனசே விட்டுப்போச்சு."

"எந்த வீடு?"

"மூணாம் தெரு மூலை வீடு. வெர்லீன் இருந்தாளே, அதுதான்."

ஓடெலின் கை அப்படியே நின்றது. "எரிஞ்சுபோச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அது... அங்க ஒண்ணுமே இல்லையே."

"எப்படி இருக்கும்? வியாழக்கிழமை வீட்டை அப்படியே முழுசா தூக்கி டெல்மரோட லாரியில ஏத்தி, எங்க வண்டி முன்னால வழி காட்ட, அஞ்சாம் தெருவுல வெர்லீன் அக்காவோட அப்பா மனையில இறக்கி வெச்சாச்சு. வீட்டை நீங்க தானமா குடுத்தீங்கன்னு டெல்மர் சொன்னதும், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல மொத்த ஜனமும் எழுந்து நின்னு உங்களுக்குக் கை தட்டிச்சே."