துவக்கு நாநா

“‘அது தானா வெடிச்சிட்டுது’ எண்டு மட்டும் சொல்லாதேயுங்கோ, முதலாளி. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.”

இன்ஸ்பெக்டர் இராமநாதன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிப் பக்கம் மாற்றலாகி வந்த நாள் முதல் இதே கதைதான். கலஹாவில் ஒரு துரையின் கைத்துவக்கு மேசையிலிருந்து விழுந்து வெடித்தது. சமையற்காரனுக்கு முழங்கால் போயிற்று. கண்டியில் ஒரு பென்சன்காரர் வெறும் துவக்குத்தானே என்று விளையாட்டாக நீட்டினார். அவருடைய தம்பியை அடக்கம் செய்யத்தான் முடிந்தது.

இப்போது அக்குறணை.

ஊரார் அண்ணன் முறை வைத்துத் ‘துவக்கு நாநா’ என்று கூப்பிடும் துணிக்கடை ஸெய்னுலாப்தீன் முதலாளி, தன் வீட்டிலேயே குற்றவாளி மாதிரித் தலைகுனிந்து நின்றார்.

“தொடச்சிக்கிட்டு ஈந்தேன் ஐயா. வெடிச்சிட்டு.”

“துடைக்க முதல் தோட்டாவைக் கழட்டினீங்களோ?”

“இல்ல.”

“விசையில விரல் வைச்சீங்களோ?”

“வச்சேன்.”

“நல்லாத்தான் துடைச்சிருக்கிறீங்கள்!”

இராமநாதன் அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு ஓடு நொறுங்கி, அந்த வழியாகக் காலை வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. நல்ல காலம், அறையில் ஆளில்லை. கட்டில்கூட இல்லை.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஹபீல் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தார்.

“ஐயா, துவக்க மட்டும் கொண்டு போயிடாதீங்க. ஞாயித்துக்கெழம என்ட மகள்ட கலியாணம். மாப்புள கார்லேந்து எறங்கக்குள்ள நாநா வெடி வைக்கணும்.”

“பட்டாசு கொளுத்துங்கோவன்.”

“பட்டாசு எவனும் கொளுத்துவான்! துவக்கு நாநா சுடாம இந்த ஊர்ல கலியாணம் நடந்தீக்கா? போன கலியாணத்துல மாப்புளட தொப்பிக் குஞ்சமே பறந்து போச்சி ஐயா! ஊரே இன்னும் சிரிக்குது.”

ஹபீலும் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் இலேசாக நடுங்கின.

“ஏலாது எண்டு நீங்கள் சொல்லக் கூடாதோ, முதலாளி?”

பதில் ஹபீலிடமிருந்துதான் வந்தது. “எப்புடி ஐயா சொல்ற? எல்லார்ட புள்ளைக்கும் சுட்ட மனுசன் என்ட புள்ளைக்கு மட்டும் ஏலாதுண்டா, அது அவமானம் இல்லியா? பொறவு நான் இவர்ட கட வாசல மிதிப்பேனா?”

இராமநாதன் பெருமூச்சு விட்டார். அவருக்கு அந்தக் கலியாணப் பந்தல் கண்ணில் தெரிந்தது. சனக்கூட்டம், வாப்பாமாரின் தோளில் ஏறிய பிள்ளைகள், நடுவில் இந்த நடுங்கும் கை.

“துவக்கு இப்பவே ஸ்டேசனுக்குப் போகுது. லைசென்சை ரத்துச் செய்யச் சொல்லி அரசாங்கக் கச்சேரிக்கும் எழுதப் போறன்.”

“ஐயா!” முதலாளியின் குரல் உடைந்தது. “என்ட மானம் போயிடும் ஐயா. ஊர்ல எப்புடித் தல காட்டுவேன்?”

“உங்கட மானத்தைவிட ஒரு உசிர் பெரிசு. எடுங்கோ.”

முதலாளி அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்து, குழல் வாயைத் தரைப் பக்கம் பிடித்து, தோட்டாக்களைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு நீட்டினார். ஹபீல் அவருடைய தோளை அணைத்துக்கொண்டார்.

“கவலப்படாதீங்க நாநா. ஒங்கள யாரு கொற சொல்ல? எல்லாம் இந்தப் பொலிசுக்காரன்ட வேல.”

காதில் விழத்தான் சொன்னார். இராமநாதனுக்கு அதுவும் பழக்கம்தான். வேலை பார்க்கிற ஊரில் எல்லாம் வசவு வாங்கியாயிற்று; அக்குறணை மட்டும் பாக்கியிருந்தது.

வாசற்படியில் முதலாளியின் மனைவி றம்லத் முக்காட்டைச் சரிசெய்தபடி பிளேன்டீயை நீட்டினாள். பக்கத்துச் சுவரில் ஒரு ஏணி. அதன் காலடியில் புத்தம் புதுச் சிவப்பு ஓடு ஒன்று.

“காலமை வெடிச்சது. அதுக்குள்ள ஓடும் வந்திட்டுதோ?” என்று பேச்சுக்குக் கேட்டார் இராமநாதன்.

“இண்டைக்கா? நேத்தே அவர் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் வாங்கிட்டு வந்துட்டார் ஐயா. கட்டிலையும் நேத்தே வெளிய போடச் சொன்னார். கூர ஒழுகுதாண்டு கேட்டேன். ‘இனித்தான் ஒழுகும்’டு சொன்னார்.”

இராமநாதன் திரும்பிப் பார்த்தார். ஹபீலின் அணைப்புக்குள் நின்ற முதலாளியின் கை இப்போது நடுங்கவில்லை.

அவர் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அவரிட்டைச் சொல்லுங்கோ தங்கச்சி, துவக்கு ‘தானா’ வெடிக்கிற வீட்டில, வெடிச்ச பிறகுதான் ஓடு வாங்கிறது.”