மெதுவாப் பேசும்மா!

"பன்னெண்டு மெஷின் சும்மா கெடக்குது சார். பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒருத்தி வரல. பார்த்துக்க ஆளில்லைன்னு ஒருத்தி வரல. நான் யாரை வச்சு சட்டை தைக்கிறது?"

தையல் பிரிவு சூப்பர்வைசருக்குச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது.

"அந்தப் பழைய ஸ்டோர் ரூமைக் குழந்தைங்களுக்கு ஒதுக்கி, ஒரு ஆயாவைப் போடுங்க. அத்தனை பேரும் வந்துடுவாங்க."

"மெதுவாப் பேசும்மா." மேனேஜர் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "இது ஃபேக்டரி. தொட்டில் கட்டுற இடமில்ல."

"ஆர்டர் கைவிட்டுப் போயிடும் சார்!"

"மெதுவான்னு சொன்னேன்ல?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"சரக்கு லேட்டாகும்னு ஆர்டர் குடுத்த கம்பெனிக்கு லெட்டர் அடிச்சாச்சு. கையெழுத்தாவது போடுங்க."

மேனேஜர் பேனாவைப் பார்த்தார். பிறகு, தன் தோளில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"வீட்ல இவளைப் பார்த்துக்கிற ஆயாம்மா இன்னிக்கு வரல. என் வீட்டுக்காரிக்கும் ஆபீஸ்" என்று முனகினார். "கையெழுத்துப் போடுற வரைக்கும் இவளைக் கொஞ்சம் பிடிம்மா."

சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அதுக்குத்தான் சார் ரூம் கேக்குறேன்."