ஞாயிற்றுக்கிழமை மயக்கம்

“உங்கப்பா மேல இறங்கினது பரிசுத்த ஆவிடி! அதைப் போய் வியாதிங்கிறியே, உன் நாக்கு அழுகாதா?”

“வலி மாத்திரை பண்ற வேலைம்மா அது! செவ்வாய்க்கிழமை கோழிக்கூண்டுகிட்ட விழுந்தாரே, அங்கே யாருக்கு ஜெபம் நடந்துச்சு? கோழிக்கா?”

ஓபல் சோளரொட்டித் தட்டை மேசையில் ‘ணங்’கென்று வைத்தாள். ஓடைக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் அப்படி வைத்தாள். கேட்டது.

மகள் ட்ரீனாவுக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊரார் இதயத்தையெல்லாம் கவனிக்கிற நர்ஸ் அவள். சொந்த வீட்டில் ஓர் இதயத்தைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து இடுப்பு நொறுங்கிய நாளிலிருந்து அப்பா டெல்மருக்கு மெதடோன் என்ற வலி மாத்திரைதான் துணை. வலி அடங்கியது, வாய் அடங்கவில்லை. பெண்டாட்டியைத் திட்டுவதைத் தவிர வேறு பேச்சு அறியாத மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, ஜெபம் முடியும்வரை வண்டியிலேயே உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஓபல், டேட்டன் நகரில் இருக்கும் தங்கையோடு போய் இருந்துவிடுவதென்று பெட்டி கட்டினாள். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு டெல்மர் என்ன நினைத்தாரோ, அவள் பின்னாலேயே சபைக்குள் வந்தார். எல்லோரும் கைதூக்கிப் பாடிக்கொண்டிருந்தபோது வெட்டிய மரம் மாதிரி பலிபீடத்தின் முன் சாய்ந்தார்.

மேற்கு வர்ஜீனியா மலைச் சபைகளில் அப்படி விழுகிறவர் முகத்தில் யாரும் தண்ணீர் தெளிப்பதில்லை. அல்லேலூயா சொல்வார்கள். போதகர் கிளெட்டஸ் ஆனந்தக் கண்ணீர் விட்டார். ஓபல் அன்று மத்தியானமே பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அடுத்த ஞாயிறும் டெல்மர் விழுந்தார். அவளுக்குச் சந்தோஷம் தாளவில்லை, அவர் தட்டில் கூடுதலாகப் பன்றி வறுவல் விழுந்தது.

அம்மாவிடம் தோற்ற ட்ரீனா, பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனாள்.

“அப்பா, அந்த மாத்திரை சில பேருக்கு இதயத்துடிப்பையே தடம்புரள வெச்சிடும். ஒரு நாள் விழுந்தா எழுந்திருக்கவே மாட்டீங்க. வேற மாத்திரை இருக்கு, வாங்க.”

“அதைச் சாப்பிட்டா மயக்கம் வராதா?”

“வராது.”

“அப்ப வேண்டாம்.”

“என்னப்பா பேசறீங்க?”

“உங்கம்மா பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு.” டெல்மர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

இவர்களுக்கு மகளாகப் பிறந்ததற்குக் கோழியாகவே பிறந்திருக்கலாம் என்று ட்ரீனா பொருமினாள். வண்டிக்கு டயர் மாற்றப் போகலாம் என்று பொய் சொல்லி அவரை ஏற்றி, நேராக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினாள். இசிஜி தாளைப் பார்த்த டாக்டரின் புருவம் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரையை மாற்றி, வெஸ்லி என்ற இளம் டெக்னீஷியனை விட்டு மறுபடி மறுபடி இசிஜி எடுக்கவைத்துப் பார்த்தார். கோடு ஒழுங்குக்கு வந்தது. கோழிக்கூண்டருகே மயக்கம் நின்றது. வீட்டில் ஓபலிடம் இடுப்புக்குப் பார்த்ததாகச் சொல்லிவைத்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு சபை நிரம்பி வழிந்தது. டெல்மர் விழுவதைப் பார்க்கப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்தெல்லாம் ஆட்கள். எல்லோரும் பக்தியில் வந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஓபல் முன்வரிசையில் இடம் பிடித்து, தரை சில்லென்று இருக்கிறது என்று தடித்த போர்வையொன்றை எதிரே விரித்துவைத்தாள்.

பாட்டு உச்சத்துக்குப் போனது. டெல்மர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டு கைகளையும் தூக்கினார். நல்ல இடுப்புப் பக்கமாகச் சாய்ந்து, தொப்பென்று விழுந்தார்.

“அல்லேலூயா!” சபை அதிர்ந்தது.

புது மாத்திரையும் காலை வாரிவிட்டதே என்று ட்ரீனாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு பாய்ந்து நாடியைப் பிடித்தாள். கடிகாரம் மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

டெல்மர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “கத்தித் தொலைக்காதே. உங்கம்மா என் கையைப் புடிச்சிட்டிருக்கா.”

ட்ரீனாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அவரை நாலு உலுக்கு உலுக்கியிருக்க வேண்டும். சுற்றிலும் சபை. “அல்லேலூயா,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசியில் டேட்டனுக்குக் குடிபோனது ஓபல் இல்லை, ட்ரீனாதான். அப்பாவுக்கு இசிஜி எடுத்தானே வெஸ்லி, அவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அத்தனை முறை இசிஜி எடுத்தது அப்பாவுக்காக மட்டும்தானா என்று ஓடைக்கு அக்கரையில் இன்றும் ஒரு பேச்சு உண்டு.

வண்டியேறுகிற அன்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவை ஓரமாக இழுத்துப் போனாள்.

“அம்மா, உன்கிட்ட ஒரு உண்மையை மறைச்சிட்டேன். அப்பாவுக்கு மாத்திரையை மாத்தி எவ்வளவோ நாளாச்சு. இப்ப அவர் சபையில விழறதெல்லாம்...”

“நடிப்பு. தெரியும்.”

“தெரிஞ்சுமா அவரோட இருக்கே?”

ஓபல் மகளின் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

“கட்டினதுலேர்ந்து எனக்காக அந்த மனுஷன் ஒரு நாள் குனிஞ்சதில்லடி. இப்ப வாராவாரம் விழறாரே!”