ஒரு யார் வெள்ளைத் துணி

மூன்று குதிரைகளும் கோட்டில் நின்றன. வினாயகமூர்த்தி தடியை உயர்த்தித் தாழ்த்தவேண்டியதுதான் பாக்கி.

குதிரைகள் என்பது விழாக் குழுவின் சொல். இரண்டு, நுவரெலியாவில் உல்லாசப் பயணிகளைச் சுமந்து ஓய்வுபெற்றவை. மூன்றாவது, கலியாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமப்பது. மேளம் கேட்காமல் அது காலெடுத்து வைக்காது என்று சொந்தக்காரர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

வாவிக்கரை மைதானத்தில் எழுபது வருடங்களுக்குப் பிறகு குதிரைப் பந்தயம். யுத்தம் முடிந்து பதினோரு மாதம் ஆகிறது. சனங்கள் மகிழ்ச்சியாக இருப்பதைக் கொழும்புக்குக் காட்டவேண்டியிருந்தது.

சனங்களை, வாவிக்கு அப்பால் சண்டை நடந்த படுவான்கரையிலிருந்து ஐந்து பஸ்களில் ஏற்றிவந்திருந்தார்கள். மகிழ்ச்சிக்கு ஆளுக்கொரு சோற்றுப் பார்சல்.

வினாயகமூர்த்தி பிரதேச செயலகத்தில் மூன்று வருடமாகத் தற்காலிக ஊழியர். பந்தயம் பிசகில்லாமல் முடிந்தால் நிரந்தர நியமனம் என்று செயலாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். விண்ணப்பம் கோப்புக்குள் இருந்தது. கோப்பு செயலாளரின் மடியில். செயலாளர் மேடையில், பிரதம விருந்தினருக்குப் பக்கத்துக் கதிரையில்.

ஓட்டத்தைத் துப்பாக்கி வெடித்துத் தொடங்குவது என்றுதான் முதலில் பேச்சு. வெடிச்சத்தத்துக்குக் குதிரைகள் மிரளும் என்றார் குழுவில் ஒருவர். அந்தக் குதிரைகள் எதற்கும் மிரளாது என்று எல்லோருக்கும் தெரியும். யார் மிரளுவார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுத முடியாதே.

அப்போதுதான் பேர்சியைக் கூப்பிட்டார்கள். டச்பார் பகுதியில் வாழும், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர்; எண்பத்திரண்டு வயது. வெள்ளைக்காரன் காலத்தில் பந்தயம் வருகிறதென்றால் பட்டினத்துக் கடைகள் இரண்டு கிழமைக்கு முன்பே நிரம்பிவிடும் என்றார் அவர். தொப்பி ஒரு கடையில், கையுறை இன்னொன்றில். குதிரை ஓடுவதைவிடப் பெண்கள் கடைகடையாக ஓடுவதுதான் பார்க்க விசேஷம். அவருடைய பாட்டனாரின் கடையில் லேஞ்சி வாங்க மாட்டுவண்டில்கள் வரிசையில் நிற்குமாம். துரையின் மனைவி லேஞ்சியை உயர்த்தித் தாழ்த்தினால்தான் பந்தயமே தொடங்குமாம்.

கடையையும் அதன் படங்களையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. பேர்சியை மறுக்க ஆதாரம் இல்லை. ‘பாரம்பரியம்’ என்று குறித்துக்கொண்டார்கள்.

லேஞ்சி என்றால் கைக்குட்டை. மேடையிலிருந்து பார்த்தால் கைக்குட்டை தெரியாது என்று இரண்டாம் கூட்டத்தில் அது மூன்றடி நீளத்தில் ஒரு யார் துணியானது. மூன்றாம் கூட்டத்தில் அதை ஒரு தடியில் கட்டுவதென்று முடிவாயிற்று. பாரம்பரியம் இப்போது என்ன மாதிரி இருக்கிறது என்று ஒருவரும் தள்ளிநின்று பார்க்கவில்லை.

துணி வாங்கப் போனவரும் வினாயகமூர்த்திதான். கடைக்காரர் அப்துல் மஜீத் மேல்தட்டுக்குக் கையை நீட்டியவர் அப்படியே நின்று கேட்டார்.

“வெள்ளையா தம்பி? சுனாமிக்கு ஒருக்கா முடிஞ்சுது. சண்டைக்கு ஒருக்கா முடிஞ்சுது. இப்ப குதிரைக்குமா?”

வினாயகமூர்த்தி சிரித்துவைத்தார்.

ஒலிபெருக்கி மூன்று எண்ணியது. அவர் தடியை உயர்த்தினார். வாவிக்காற்று துணியை விரித்துப் பிடித்தது.

முன்வரிசையில், பஸ்ஸில் வந்த கிழவி ஆச்சிப்பிள்ளை எழுந்தாள். சோற்றுப் பார்சலைக் காலடியில் வைத்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினாள்.

மருமகள் அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“என்ன மாமி செய்றீங்க? இது குதிரை ஓட்டம்.”

“தெரியும் புள்ள. எதுக்கும் நீயும் உசத்து.”

மருமகள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவளும் உயர்த்தினாள். அவளைப் பார்த்து இரண்டாம் வரிசை. அப்படியே ஐந்து பஸ் சனமும். பார்சல்கள் காலடியில் ஒழுங்காக இருந்தன. பிள்ளைகள்கூட ஒரு சத்தம் போடவில்லை.

பிரதம விருந்தினர் நெகிழ்ந்துபோனார். இவ்வளவு வரவேற்பை அவர் எதிர்பார்க்கவில்லை. தானும் எழுந்து, இரண்டு கைகளையும் உயர்த்தி, சனங்களைப் பார்த்து ஆட்டினார். கமெராக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

“தாழ்த்துங்க மகன்! தாழ்த்தினாத்தான் ஓடும்!” என்று கத்தினார் பேர்சி.

வினாயகமூர்த்தி தாழ்த்தவில்லை. கைதூக்கி நின்ற சனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களும் துணியைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

கடைசியில் கலியாணக் குதிரைக்கே அலுத்துப்போயிற்று. மேளம் இல்லாமலே நடக்கத் தொடங்கியது. மற்ற இரண்டும் அதன் பின்னால் போயின. எது முதலில் வந்தது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. வெற்றிக் கோப்பையை, அருகில் நின்ற குதிரைக்காரரிடம் கொடுத்தார்கள்.

செயலாளர் கோப்போடு மேடையிலிருந்து இறங்கி வந்தார். நியமனம் போய்விட்டது என்று வினாயகமூர்த்தி நினைத்தார். தடி அப்போதும் உயரத்திலேயே இருந்தது.

செயலாளரின் முகம் மலர்ந்திருந்தது.

“நல்லாச் செய்தீங்க. சனமெல்லாம் எழும்பிட்டுது. அவ்வளவு நேரமும் தடி கொஞ்சம்கூட ஆடல்லயே. முந்தி எங்கயாவது பழகினீங்களா?”

“ஓம் சேர். வாகரையில. ரெண்டாயிரத்தி ஏழில, சண்டைக்குள்ளால சனம் வெளியே வரக்குள்ள. முன்னுக்கு நான்தான் பிடிச்சிட்டு நடந்த.”

மேடையில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். செயலாளருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. தலையாட்டியபடி கோப்பைத் திறந்தார். விண்ணப்பத்தில் வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் எழுதினார்:

முன் அனுபவம் உண்டு.