மூன்றாவது ராட்

தூண்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தான் மரிய அருண்.

தூண்டில் நரம்பு சுற்றுகிற ரீல் மேலே இருக்க வேண்டியது, கீழே தொங்கியது. கடைக்காரர் சிலம்பரசன் அதை வாங்கித் திருப்பி மறுபடி அவன் கையில் கொடுத்தார்.

அஞ்சலி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

புருஷனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று சொல்லி அவள்தான் அவனை உப்பளம் ஏரியாவில் இருக்கும் இந்தத் தூண்டில் கடைக்கு அழைத்து வந்திருந்தாள். வெயில் என்றான், இருக்கிறதே போதும் என்றான். அவள் விடவில்லை.

ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடலுக்குப் போகிறவன் அவன். சர்ச்சில் பூசைக்கு அவளும் மாமியாரும் மட்டும்தான். ட்ரோலிங் என்றால் என்னவென்று அவன் விளக்காத ஆள் தெருவில் பாக்கி இல்லை. ஓடுகிற படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போக வேண்டுமாம். கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவனெல்லாம் சோம்பேறியாம்.

அதற்கென்று ஒரு தொப்பி. கயிறு கட்டிய கறுப்புக் கண்ணாடி. மார்பில் மயில்மீன் துள்ளுகிற டீ ஷர்ட்.

இவ்வளவு கடலுக்குப் போயும் ஆள் கொஞ்சம்கூடக் கறுக்கவில்லை. வெயிலுக்கே இவனைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அஞ்சலி நினைத்துக்கொள்வாள்.

“என்ன மீனுக்கு சார்?” என்றார் சிலம்பரசன்.

“எல்லா மீனுக்கும்தான்.”

“போட் என்ன ஸ்பீடுல இழுக்கும்?”

“நல்ல ஸ்பீடுதான்.”

சிலம்பரசன் தலையைச் சொறிந்துகொண்டு, குட்டையாகத் தடித்த ஒரு தூண்டில் ராடை எடுத்து வைத்தார். பக்கத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு ரீல். பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் விட்டுக்கொடுக்க அதில் பிரேக் இருப்பதாகச் சொன்னார்.

அருண் அதைத் தொடவில்லை. நீல நிறத்தில் மெல்லிசாக மினுமினுத்த ஒன்றை எடுத்துக் காற்றில் வீசிப் பார்த்தான். நுனி மின்விசிறியில் பட்டு டப்பென்றது.

“அது ஏரியில கெண்டை புடிக்கிறது சார்.”

“தெரியும். சும்மா பாத்தேன்.”

பிறகு அந்தப் பெரிய ரீலை எடுத்தான். பிரேக் எந்தப் பக்கம் இறுகும் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திருகினான். நெற்றி வேர்த்தது.

அஞ்சலிக்குச் சிரிப்புகூட வரவில்லை. பெருமை அடிக்கிறவன் கொஞ்சமாவது கற்றுக்கொண்டு அடிக்கக் கூடாதா?

கடைக்காரர் அவனை விட்டுவிட்டு அவளிடமே கேட்டார். “எத்தன செட்டு மேடம்?”

“மூணு.”

அருண் திரும்பினான். “எதுக்கு மூணு?”

“வர்ற ஞாயித்துக்கெழமைக்கு தேங்காத்திட்டு துறைமுகத்துல ஒரு போட் வாடகைக்குப் பேசிட்டேன். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.”

“மூணாவது யாருக்கு?”

ஞாயிறு மத்தியானம் அவன் கொண்டுவந்து வைக்கிற வஞ்சிரம் எப்போதும் துண்டு போட்டுத்தான் வரும். படகிலேயே வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பான். அவளும் நம்பினாள். கொஞ்ச நாளில் துண்டுகளில் மஞ்சளும் உப்பும் தடவியிருந்தது. படகுக்காரர்கள் ரொம்ப நல்ல மாதிரி என்றான். போன வாரம் இஞ்சி பூண்டு விழுது தடவி, கறிவேப்பிலை உருவிப் போட்டு, மூடி போட்ட டப்பாவில் வந்தது. டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவனே வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

“மசாலா தடவுறவங்களுக்கு” என்றாள் அஞ்சலி.

அருண் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

சிலம்பரசனுக்கு இதெல்லாம் புரியவில்லை. மூன்றாவது ராடை எடுக்கப் போனவர் பாதியில் நின்று அருணைப் பார்த்தார்.

“அவங்க கை சின்னதா, பெருசா சார்? பிடி அதுக்குத் தகுந்த மாதிரி குடுக்கணும்.”

அன்றைக்கு அந்தக் கடையில் கேட்ட கேள்விகளில் அருணுக்குப் பதில் தெரிந்தது அது ஒன்றுக்குத்தான்.