ராகு காலத்துக்கு முன்பே

தெய்வானை குடியுரிமை உறுதிமொழி எடுக்க வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அது ராகு காலம். கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் ஒன்பதரைக்கு மாற்றிக்கொண்டாள். அதே கட்டடத்தில் பத்து மணிக்கு அவள் கணவன் வயிரவன், நிரந்தரமாகத் தங்குவதற்காகக் கைரேகை பதிய வேண்டியிருந்தது.

அவள் உறுதிமொழியை முடித்ததும் முதலில் கைதட்டியவன் வயிரவன்தான். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் மணிக்கட்டில் தங்கும் அனுமதியைக் காட்டும் பச்சை வளையம் சிவப்பாக மாறியது.

பதறிப்போய்க் கவுண்ட்டருக்கு ஓடினார்கள். வரிசை நகர்ந்து முறை வந்ததும் இயந்திரம் நல்ல தமிழில் பேசியது.

"இவர் அயல்நாட்டுப் பணியாளர் தெய்வானையின் கணவராக இங்கே இருந்தார். அப்படி ஒரு பணியாளர் இப்போது இல்லை. குடிமகளின் கணவர் என்றால், ஊருக்குத் திரும்பிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்பு பதினான்கு ஆண்டுகள்."

"அவர் முதல்ல ரேகை வச்சிருந்தா?"

"சிக்கலே இருந்திருக்காது."

தெய்வானை தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நான், பதினொண்ணுக்கே எடுத்திருக்கலாமே!"

"விடு. நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்ச."

காவலர் இருவர் வந்து அவன் பின்னால் நின்றார்கள்.

"குடிமகளே, இது உங்கள் முதல் கடமை," என்றது இயந்திரம். "அனுமதியின்றி இருக்கும் இந்த அயலாரை ஒப்படைப்பதாகக் கண்ணாடியில் விரலை வையுங்கள். மறுத்தால் ஏழு ஆண்டு சிறை."

அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். வயிரவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்து இருபத்தெட்டு.

"ராகு காலம் வந்துரும், வச்சிரு," என்று அவள் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் அழுத்தினான்.