சிவந்த கண்

வேலை போன ரிசப்ஷனிஸ்ட் மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"பாவம் சார், எனக்காகக் கலங்கிட்டார். கண்ணெல்லாம் சிவந்துடுச்சு."

கேஷியர் சிரித்தார். "அவராவது, கலங்கறதாவது! எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பின மனுஷன்! அவருக்குக் கண்ணுல சதை வளருதும்மா. அந்தச் சிவப்பைப் பார்த்து ஏமாந்துடாதே."

உள்ளே மேனேஜர் காதிலும் அது விழுந்தது. எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னிக்கும் யாரையாவது நிறுத்திட்டீங்களா?"

தலையாட்டினார்.

"லீவு போட்டு ஆபரேஷன் பண்ணி, சதையை எடுத்து ஒரு வருஷம் ஆகப்போகுது. இன்னுமா ஆபீஸ்ல சொல்லலை?"

"சொன்னா, அப்புறம் கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு கேப்பாங்களே."